நாளைய மேசைக் கணினியும் நேற்றைய எதிர்வுகூறல்களும்

வருவதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு இயல்பாய் அமைந்ததொன்று. உழவன் வானை நோக்குகின்றான். வணிகன் சந்தையை நோக்குகின்றான். இன்று கணினியொன்றை வாங்கக் கருதும் மாணவனோ, எச்செயலி கொண்ட கணினியை வாங்கினால் அது நெடுநாள் பயன்படும் என வினாவுகின்றான். வினா சிறியது போலத் தோன்றும். ஆயினும் அதனுள்ளே பெரியதொரு வினா மறைந்து கிடக்கின்றது. இனிவரும் பத்து இருபது ஆண்டுகளில் உலகத்தின் மேசைக் கணினிகள் எவ்வகைச் செயலியால் இயங்கும் என்பதே அது. இதற்கு அறுதியாக விடை கூறுதல் யார்க்கும் அரிது. ஆனால் இவ்வினா முன்னரும் பலமுறை எழுந்ததுண்டு. அறிவும் பொருளும் மிக்கோர் பலமுறை விடை கூறியதுமுண்டு. அவ்விடைகள் எவ்வாறு பலித்தன, எவ்வாறு பொய்த்தன என ஆராய்வது வரலாறு பயில்வோர்க்கு உரிய கடமை. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியின் உள்ளே கணக்கிடும் பணியையும் ஏனைய உறுப்புக்களை ஏவும் பணியையும் செய்வது செயலி. நம் பாடநூல்கள் இதனை முறைவழியாக்கி எனவும் வழங்கும். ஒவ்வொரு செயலியும் தனக்கெனக் குறிக்கப்பட்ட சில கட்டளைகளையே அறியும். அக்கட்டளைகளின் கூட்டத்தைக் கட்டளைத் தொகுதி என்பர். ஒரு மொழிக்கு நெடுங்கணக்கு எவ்வாறோ, செயலிக்குக் கட்டளைத் தொகுதி அவ்வாறு. ஒரு தொகுதிக்கென எழுதப்பெற்ற மென்பொருளை வேறொரு தொகுதியுடைய செயலி, மொழிபெயர்ப்பின் துணையின்றிப் படித்தறிய மாட்டாது. ஆகவே எச்செயலி வெல்லும் என்னும் வினா, எந்த நெடுங்கணக்கில் உலகம் எழுதப்போகின்றது என்னும் வினாவேயாகும்.

செயலியின் வரலாற்றுட் புகுமுன், நம் கண்டிச் சீமையிலே நிகழ்ந்த பழைய நிகழ்ச்சியொன்றை நினைவுகூர்தல் பயன் தரும். அதுவும் எதிர்காலத்தைப் பற்றிய ஊகத்தின் கதையே.

1867 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பெற்றது. மலைநாட்டிலே விளைந்த கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதே அப்பாதையின் தலையாய நோக்கம். கோப்பியே என்றும் நிலைக்கும் பயிர் எனத் தோட்டத்துரைமார் எண்ணிய காலம் அது. அதே ஆண்டில், கண்டிக்குத் தெற்கே ஏவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதனைப் பெரிதாகக் கருதினோர் அன்று மிகச் சிலரே. ஈராண்டு கழிந்து, 1869 இல், மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி போன்ற நோயொன்று காணப்பட்டது. அது மெல்லப் பரவி, இருபதாண்டு முடியுமுன் கோப்பித் தொழிலையே வீழ்த்திற்று. 1880 இல் இந்நோயை ஆராய ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர் பேராதனைக்கு அனுப்பப்பட்டார். நோய்க்குக் காரணமான பூஞ்சணத்தின் இயல்பை அவர் தெளிவுறுத்தினார். ஆயினும் தோட்டங்களைக் காக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டுவது யாதெனின், கோப்பியின் இடத்தைப் பிடிக்கும் என அன்று பலர் எதிர்வுகூறியது தேயிலையை அன்று, சிங்கோனாவையே. காய்ச்சல் மருந்தாகிய கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பதாதலின் அதன் விலை உயர்ந்திருந்தது. டெயிலரும் அதனை நட்டவரே. 1880 களின் தொடக்கத்திலே பல்லாயிரம் ஏக்கரில் சிங்கோனா நடப்பெற்றது. எல்லோரும் ஒருங்கே நட்டமையால் பட்டை சந்தையிற் குவிந்தது, விலை வீழ்ந்தது. யாவாத் தீவிலே ஒல்லாந்தர் வளர்த்த மரங்களோ கொயினாச் சத்து மிக்கனவாயிருந்தன. சிங்கோனா மறைந்தது. யாரும் கருதாத மூலையில் வளர்ந்த தேயிலை, 1890 களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கர் அளவிற்குப் பரந்தது.

தேயிலை வென்றதற்கு ஒரு காரணம் அதன் குணம். மற்றொரு காரணம், கோப்பி அமைத்து விட்டுச் சென்ற பாதைகள், புகைவண்டி, துறைமுகம், தென்னிந்தியாவினின்று தொழிலாளர் வந்துசேரும் வழி ஆகிய யாவும் அதற்கு உரிமைச் சொத்தாக வாய்த்தமை. ஆகவே இக்கதையிலிருந்து இரண்டு உண்மைகளைப் பெறலாம். புதியது பெரும்பாலும் எவரும் கவனியாத மூலையிலே தோன்றும் என்பது ஒன்று. பழையதன் பாதையில் நடக்க வல்லதே நிலைபெறும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உரைகல்லாகக் கொண்டு செயலியின் வரலாற்றை நோக்குவாம்.

1965 ஆம் ஆண்டில் கோர்டன் மூர் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை வரைந்தார். ஒரு சில்லில் அமைக்கத்தக்க உறுப்புக்களின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் எனவும், பத்தாண்டில் அது 65,000 ஐ எட்டும் எனவும் அவர் கூறினார். பின்னர் 1975 இல், ஈராண்டுக்கொருமுறை இரட்டிக்கும் எனத் தம் கூற்றைத் திருத்தினார். வீட்டுக்கு வீடு கணினி வரும் என்பதையும் அக்கட்டுரை குறிப்பிட்டிருந்தது. கணினித்துறை எதிர்வுகூறல்களுள் மிகச் சிறப்பாகப் பலித்தது இதுவே எனலாம். ஆயின் மூர் கூறியது எத்துணை என்பதை, எது என்பதையன்று. எது என்று கூறப் புகுந்தோரே பெரும்பாலும் தவறினர்.

1971 இல் இன்டெல் கம்பனி 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யப்பானியக் கம்பனியொன்றின் கணக்கிடும் பொறிக்கென ஆக்கப்பட்ட அச்சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்களே இருந்தன. அக்கம்பனி பின்னர்த் தன் எதிர்காலமெனக் கருதியது 432 எனப்பெயரிய பெருந்திட்டத்தையே. அது முற்றுப்பெறக் காலம் நீளும் என்று கண்டு, இடைவெளியை நிரப்பும் பொருட்டு 8086 என்னும் செயலியை விரைந்து ஆக்கி 1978 இல் வெளியிட்டது. 432 வெளிவந்தது 1981 இல். வந்தபோது அது மிக மந்தமாக இயங்கிற்று, விரைவில் மறக்கப்பட்டது. அதே 1981 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதன் உள்ளே இருந்தது 8086 இன் மலிவான உடன்பிறப்பாகிய 8088. இடைக்கால ஏற்பாடாகப் பிறந்தது நிலையான அரசாயிற்று. அரசாள வளர்க்கப்பட்டதோ பெயருமின்றி மறைந்தது. எக்ஸ்-86 என இன்று நாம் வழங்கும் செயலிக் குடும்பத்தின் தோற்றம் இதுவாகும்.

1980 களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய கருத்தொன்று வலுப்பெற்றது. கட்டளைகளைப் பெருக்காது, சிலவும் எளியனவுமாக அமைத்தால் செயலி விரைந்து இயங்கும் என்பதே அது. பேர்க்கிலியில் டேவிட் பற்றர்சனும் ஸ்ரான்போர்ட்டில் ஜோன் ஹெனசியும் இதனை ஆராய்ந்து நிறுவினர். இதற்கெனக் கணினித்துறையின் உயர்ந்த பரிசாகிய டியூரிங் விருது 2017 ஆம் ஆண்டுக்கு அவ்விருவர்க்கும் வழங்கப்பட்டது. இக்கொள்கையை ரிஸ்க் எனச் சுருக்கமாக வழங்குவர். 1990 களின் தொடக்கத்தில், எக்ஸ்-86 குடும்பத்தின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என அறிஞர் பலர் உறுதியாக உரைத்தனர். 1991 இல் அப்பிள், ஐ.பி.எம்., மோட்டரோலா ஆகிய மூன்றும் கூடிப் பவர்பீசீ என்னும் செயலியை ஆக்க முனைந்தன. 1992 இல் டிஜிட்டல் கம்பனி அல்பா என்னும் செயலியை வெளியிட்டது. அக்காலத்து விரைவுமிக்க செயலிகளுள் அதுவும் ஒன்று.

எதிர்வுகூறல் பொய்த்தது. ஏன்? உலகத்தின் அலுவலகங்களும் பாடசாலைகளும் வீடுகளும் ஏற்கனவே எக்ஸ்-86 நெடுங்கணக்கில் எழுதிக் குவித்துவிட்டிருந்தன. அம்மென்பொருளைக் கைவிட ஒருவரும் விரும்பினாரல்லர். மேலும் 1995 இல் வந்த பென்டியம் புரோ என்னும் செயலி, வாயிலில் பழைய கட்டளைகளையே ஏற்று, உள்ளே அவற்றைச் சிறு எளிய கட்டளைகளாகப் பிரித்து இயக்கிற்று. பகைவரின் கொள்கையை அகத்தே ஏற்று, புறத்தே பழைய மொழியையே பேசிற்று என்க.

இதனினும் பெரிய பாடம் அடுத்து வந்தது. 1994 இல் இன்டெலும் ஹியூலட் பக்கார்ட் கம்பனியும் கூடி, 64 பிற்றுச் செயலிகளுக்கென முற்றிலும் புதியதொரு கட்டளைத் தொகுதியை ஆக்க உடன்பட்டன. இட்டானியம் எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அச்செயலி உலகை ஆளும் எனப் பலரும் நம்பினர். அந்நம்பிக்கையாற் சில கம்பனிகள் தம் சொந்தச் செயலிகளைக் கைவிட்டன. அல்பாவின் எதிர்காலமும் 2001 இல் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே வெளிவந்த இட்டானியமோ பழைய மென்பொருளை மிக மெதுவாகவே இயக்கிற்று. 2003 இல் ஏ.எம்.டி. என்னும் சிறிய போட்டிக் கம்பனி, பழைய எக்ஸ்-86 தொகுதியையே 64 பிற்றுக்கு நீட்டிச் செயலியொன்றை வெளியிட்டது. பழைய மென்பொருள் அதில் தடையின்றி ஓடிற்று. இறுதியில் இன்டெலும் அவ்வழியையே பின்பற்ற நேர்ந்தது. இட்டானியம் 2021 இல் முற்றாக நிறுத்தப்பட்டது. செயலித் துறையின் சிங்கோனா இட்டானியமே எனின் மிகையாகாது.

அவ்வாறாயின் தேயிலை யாது? அது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே முளைத்தது. ஏக்கோர்ன் என்னும் சிறு கணினிக் கம்பனியில் சோபி வில்சன், ஸ்ரீவ் பேர்பர் என்னும் இருவர் ரிஸ்க் கொள்கையின்படி ஆக்கிய செயலி 1985 ஏப்ரில் 26 இல் முதன்முறை இயங்கிற்று. மலிவான பிளாத்திக்கு உறையில் அடங்க வேண்டுமாதலின் அது குறைந்த மின்வலுவில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. ஆர்ம் எனப்படும் இச்செயலிக் குடும்பம், சிறு கருவிகளிலும் பின்னர்க் கைத்தொலைபேசிகளிலும் இடம்பெற்று, மேசைக் கணினி உலகம் பொருட்படுத்தாத மூலையில் இருபதாண்டுகள் வளர்ந்தது.

இதற்கிடையே மேசைக் கணினியில் ஒரு நோய் தோன்றிற்று. திரான்சிற்றர் சிறுக்கச் சிறுக்க அது கொள்ளும் மின்வலுவும் ஒப்பக் குறையும் என்னும் விதி, 2000 களின் நடுப்பகுதியில் செல்லாதாயிற்று. செயலிகள் தாங்கொணா வெப்பத்தை உமிழ்ந்தன. செக்கனுக்கு நானூறு கோடித் துடிப்புடைய பென்டியம் 4 செயலியை வெளியிடும் எண்ணத்தை 2004 இல் இன்டெல் கைவிட்டது. விரைவைக் கூட்டும் வழி அடைபடவே, ஒரு சில்லில் இரு செயலிகளை அமைக்கும் வழி வந்தது. அன்று முதல் ஒரு செயலியின் தகுதியை அளக்கும் கோல், எத்துணை விரைவு என்பதனோடு எத்துணை மின்வலுவில் அவ்விரைவு என்பதாக மாறிற்று. அக்கோலால் அளக்கும்போது மூலையில் வளர்ந்த செடி உயர்ந்து நின்றது.

2020 யூன் மாதத்தில், யப்பானின் புகாக்கு என்னும் மீத்திறன் கணினி, ஆர்ம் தொகுதியைச் சார்ந்த செயலிகளைக் கொண்டு உலக வரிசையில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் அப்பிள் நிறுவனம், ஆர்ம் தொகுதியில் தானே ஆக்கிய எம்-1 செயலியைத் தன் கணினிகளில் அமைத்தது. அதன்கண் ஆயிரத்து அறுநூறு கோடித் திரான்சிற்றர்கள் அடங்கின. இந்நிறுவனம் தன் மேசைக் கணினியின் கட்டளைத் தொகுதியை மாற்றியது இது மூன்றாம் முறை. 1994 இலும் 2006 இலும் மாற்றியபோது செய்தது போலவே, பழைய மென்பொருளைப் புதிய செயலிக்கு மொழிபெயர்க்கும் ஏற்பாட்டையும் உடன் வழங்கியது. இட்டானியம் இழந்த பாதை உரிமையை அப்பிள் மொழிபெயர்ப்பினால் ஈட்டிக்கொண்டது. 2024 இல் விண்டோஸ் இயங்கும் மடிக்கணினிகளும் ஆர்ம் செயலியுடன் பரவலாக விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில், நெடுங்காலப் போட்டியாளராகிய இன்டெலும் ஏ.எம்.டி.யும் எக்ஸ்-86 தொகுதியைப் பேண ஒரு கூட்டுக்குழுவை அமைத்தன. பகைவர் இருவரைப் புதிய அச்சம் ஒன்று சேர்த்தது போலும்.

இனி, நமக்கு அண்மையில் நிகழ்வதை நோக்குவாம். எக்ஸ்-86 தொகுதியைக் கையாளும் உரிமை இரண்டொரு கம்பனிகளுக்கே உண்டு. ஆர்ம் தொகுதியைக் கையாள்வோர் உரிமப் பணம் செலுத்தல் வேண்டும். 2010 இல் பேர்க்கிலியில் தொடங்கப்பெற்ற ரிஸ்க்-பைவ் என்னும் தொகுதியோ எவர்க்கும் பொது. அதனைக் கொண்டு செயலி ஆக்குவோர் ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. இத்தொகுதியைத் தழுவிச் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் காமகோடி முதலானோர் வழிநடத்த உருவானதே சக்தி என்னும் செயலிக் குடும்பம். 2018 இல் அதன் சில்லொன்று அமெரிக்காவிலுள்ள இன்டெல் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு, லினக்ஸ் இயக்கமுறைமையை இயக்கிக் காட்டிற்று. பின்னொன்று இந்தியாவின் சண்டிகரிலே வார்க்கப்பட்டது. 2025 இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேவைக்கென அதே குடும்பத்தில் மற்றொரு சில்லு ஆக்கப்பட்டது. தமிழகத்து மாணவரும் ஆசிரியரும் கூடி ஆக்கிய செயலிக்குத் தமிழரும் நன்கறிந்த பெயர் அமைந்தது மகிழத்தக்கதே. எனினும் பெயரினும் பெரிது, கற்றோர் தாமே வடிவமைத்தல் இயலும் என அது காட்டியமை. நம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறை மாணவரும் ரிஸ்க்-பைவ் தொகுதிக்கிணங்கச் செயலி வடிவமைத்துப் பயின்று வந்துள்ளனர். லூல்கந்துரத்தின் பத்தொன்பது ஏக்கரினும் சிறிய பாத்திகள் இவை. ஆயினும் பாத்தியின் அளவு கொண்டு பயிரின் எதிர்காலத்தை அளக்கலாகாது என முன்னரே கண்டோம்.

இங்கே மிகையான மகிழ்ச்சியும் தகாது. நெடுங்கணக்குப் பொதுவாயினும் அச்சகம் சிலர் கையிலேயே உள்ளது. உயர்நுட்பச் சில்லுகளுட் பெரும்பகுதி தாய்வானிலுள்ள ஒரு கம்பனியின் ஆலைகளில் வார்க்கப்படுகின்றது. அவ்வாலைகளுக்கு வேண்டிய உயர்தர ஒளிப்பதிவுப் பொறிகளை ஆக்குவது நெதர்லாந்தின் ஒரே கம்பனி. ரிஸ்க்-பைவ் செயலிக்கென எழுதப்பெற்ற மேசைக் கணினி மென்பொருளும் இன்னும் சிறிதளவே. ஆகவே அது முதலிற் சிறு கருவிகளிற் பரவும். மேசைக்கு வருதல் பின்னரே.

மேற்கூறிய யாவற்றையும் தொகுத்து நோக்கின் எமக்குத் தோன்றுவது இது. எக்ஸ்-86 ஒருநாளில் வீழப்போவதில்லை. அதன் பாதைகள் அகன்றவை. ஆர்ம் மேன்மேலும் மேசையில் இடம்பெறும். பழைய மென்பொருளை மொழிபெயர்க்கும் திறம் வளருந்தோறும் அதன் வளர்ச்சி விரையும். அவற்றோடு, ஒரே உறையினுள் பொதுச்செயலி, படச்செயலி, செயற்கை நுண்ணறிவுக்கான செயலி எனப் பல கூடி வாழும் வழக்கம் பெருகும். எச்செயலி என்னும் வினாவே காலப்போக்கில் எச்செயலிகள் என மாறும். மாணவன் வாங்கும் கணினியைப் பொறுத்தவரை, அவன் பயிலும் மென்பொருள் எதில் செவ்வனே இயங்குமோ அதுவே நல்ல கணினி. இந்த விடையை வரலாறு தயங்காது கூறும்.

ஈற்றில் ஒன்று. கோப்பி ஒரு பருவத்திற்கு மட்டும் பெருந்தொகையான ஆட்களை வேண்டிய பயிர். தொழிலாளர் வந்து, பறித்து, ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே குடும்பங்கள் மலைநாட்டிலேயே நிலைத்தன. கோப்பியா, சிங்கோனாவா, தேயிலையா என்பதைத் தீர்மானித்தவர் சிலர். அத்தீர்மானத்தின் பயனைத் தலைமுறை தலைமுறையாகத் தோளில் சுமந்தவர் பலர். அவரை எவரும் கலந்து பேசினாரல்லர். இந்நகரத்து வகுப்புக்களில் அமர்ந்திருக்கும் மாணவருட் பலர் அவர்தம் வழித்தோன்றல்களே.

நாளைய கணினியைப் பற்றிய தீர்மானங்களும் சிலராலேயே செய்யப்படுகின்றன. ஆயினும் இம்முறை ஒரு வேறுபாடு உண்டு. பொதுவான கட்டளைத் தொகுதியொன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அதனைக் கற்பதற்கு நிலவுரிமையோ பெருமுதலோ வேண்டா. ஒரு கணினியும் நல்லாசிரியரும் அயரா உழைப்பும் போதும். ஊகம் செய்வோர் ஊகம் செய்க. கண்டிச் சீமையின் மாணவர் வருங்காலச் செயலியை வாங்குவோராக மட்டும் நில்லாது, அதனை வடிவமைக்கும் அவையிலும் அமர்வாராக. மஹய்யாவை மயானத்தில் துயிலும் டெயிலரின் கல்லறையைக் கடந்து செல்வோர், எதிர்காலத்தைச் சரியாகக் கூறியவர் எவரும் அங்கில்லை என்பதையும், அதனை நட்டுப் பயிராக்கிய ஒருவரே அங்குளர் என்பதையும் எண்ணுவார்களாக.